குளிர்நாட்டு வீட்டுத் தோட்டத்தில் ஜப்பானிய நெல்: விதை முதல் சோறு வரை

வீட்டில் நெல் வைக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ ஜெர்சி தொடங்கி வெர்மான்ட் வரை, தண்ணீருக்குப் பஞ்சமில்லை. வெதுவெதுப்பான நாட்களுக்குத்தான் பஞ்சம். வெர்மான்டில் மே மாதக் கடைசி வரை உறைபனி விழலாம். செப்டம்பர் பிற்பாதியில் மறுபடி விழும். இடையில் கிடைக்கும் நான்கு மாதத்துக்குள் பயிர் தூர் கட்டி, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட்டு, கதிர் தள்ளி, மணி முற்றியாக வேண்டும். ரகம் தேர்வதும், நாற்று வளர்ப்பதும், தண்ணீர் வைப்பதும் இந்த ஒரு கணக்கை ஒட்டித்தான்.

நடக்காத காரியம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். வெர்மான்டின் வெஸ்ட்மின்ஸ்டரில் அக்காவோகி தம்பதியர் வயல் வெட்டி, வாய்க்கால் போட்டு, ஜப்பானிய நெல்லை விளைவித்துக் காட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு வயல்கூட வேண்டாம். 3 சதுர மீட்டர் வெயில்படும் இடம் போதும்.

ரகம்: வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

ஜப்பானிய அரிசி என்றதும் எல்லோர் வாயிலும் வருவது கொஷிஹிகாரி. 1956இல் பதிவான ரகம், ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது புகழ் பெற்ற நீகாத்தா, 37, 38 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே வர்ஜீனியாவுக்கு நேர். அதை வெர்மான்டில் நட்டால் பச்சைப்பசேலென்று வளரும், கதிர் மட்டும் தாமதமாக வரும். மணி முற்றுவதற்குள் பனி விழுந்துவிடும்.

காரணம் பகலின் நீளம். நம்மூர்ப் பழைய சம்பா ரகங்கள் பகல் குறுகினால்தான் கதிர் தள்ளும், குறுவை ரகங்கள் அதற்குக் காத்திருக்காது என்பது தஞ்சை விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜப்பானிலும் தெற்கத்தி ரகங்கள் ஓரளவு சம்பாவைப் போல நடந்துகொள்கின்றன. வடகோடித் தீவான ஹொக்கைடோவின் ரகங்கள் குறுவையைப் போல. வெர்மான்டின் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். அந்த நீண்ட பகலிலும் தயங்காமல் கதிர் தள்ளும் நெல்தான் அங்கே தேவை.

ஆகவே உங்கள் ஊருக்கு நேரான ஜப்பானிய ஊரைப் பாருங்கள். நியூ ஜெர்சி, பிலடெல்பியா பக்கம் என்றால் 40 டிகிரி. அது அகிதா மாகாணம். 1984இல் அங்கே வெளியான அகிதாகொமாச்சி உங்களுக்கு ஏற்றது. கோடை நீளமாக இருக்கும் தாழ்வான இடமென்றால் கொஷிஹிகாரியையும் பார்க்கலாம். மாசசூசெட்ஸின் வடபகுதி, நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் என்றால் ஹொக்கைடோவின் சப்போரோ, அசஹிகாவா இரண்டுக்கும் நேர். ஹயாயுகி, கிதாகே போன்ற ஹொக்கைடோ ரகங்களைத் தேடுங்கள். கிதாகே மிகக் குறுகிய காலத்தில் முடிவதால் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுகிறது. முதல் வருடம் ருசியைவிட வயதைப் பாருங்கள் என்பது என் அழுத்தமான எண்ணம். முற்றிய சாதாரண அரிசி முற்றாத உயர்ந்த அரிசியைவிட எத்தனையோ மேல்.

விதை எங்கே வாங்குவது

ஜப்பான் போய்விட்டு வரும் நண்பரிடம் ஒரு கைப்பிடி நெல் கொண்டுவரச் சொல்லாதீர்கள். உமியுள்ள நெல்லை அமெரிக்காவுக்குள் கொண்டுவருவது தடை, வைக்கோலுக்கும் அப்படியே. நெல்லின் நோய்கள் விதையோடும் தாளோடும் பயணம் செய்கின்றன என்பதால் வந்த விதி இது, மதிக்க வேண்டிய விதி. 1904இல், ஜப்பானிலிருந்து குடியேறிய சைபாரா செய்தோ, அங்கிருந்து வந்த ஷின்ரிகி என்ற நெல் ரகத்தின் விதையை டெக்சஸின் வெப்ஸ்டரில் விதைத்தார். அந்தக் காலம் வேறு. ஜப்பான் பக்கமும் கெடுபிடி உண்டு: 2021 முதல், பதிவுரிமை உள்ள புதிய ரகங்களின் விதையை வெளிநாட்டுக்கு எடுத்துப்போவதை அதை உருவாக்கியவர்கள் தடுக்கலாம்.

இங்கேயே விளைந்த விதையை விற்கும் சிறு விதை நிறுவனங்களும் விதைப் பரிமாற்றக் குழுக்களும் இருக்கின்றன. குளிர்காலத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். 3 சதுர மீட்டருக்கு 10 கிராம் விதை தாராளம். கலிபோர்னியா, அர்கன்சா, லூசியானா போன்ற நெல் விளையும் மாநிலங்களில் இருப்பவர்கள் முதலில் கவுன்டி வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வெளி விதைக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கலாம்.

கடையில் வாங்கும் வெள்ளை அரிசி முளைக்காது, தீட்டும்போதே முளைக்கரு போய்விடுகிறது. தீட்டாத அரிசி சில சமயம் முளைக்கும். உமி இல்லாததால் சீக்கிரம் அழுகும் என்பதால் அதை நம்பி ஒரு வருடத்தை வைக்க வேண்டாம்.

பாத்தி கட்டுதல்

ஒரே ஒரு செடியைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு வாளி இருக்கிறது. ஜப்பானில் வேளாண் கூட்டுறவு அமைப்பான ஜே.ஏ. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாளி நெல் வளர்ப்பைப் பல்லாண்டுகளாகச் சொல்லிக் கொடுக்கிறது. 10 முதல் 15 லிட்டர் வாளியில் ஒரு குத்து, அதாவது ஒரே இடத்தில் ஒன்றிரண்டு நாற்று, நடலாம். அரைக் கிண்ணத்திலிருந்து ஒரு கிண்ணம் சோறு வரை கிடைக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

சமைக்கும் அளவுக்கு வேண்டுமென்றால் பாத்தி கட்டுங்கள். 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம், 40 செ.மீ. உயரத்தில் மரச்சட்டம். உள்ளே குளத்துக்குப் போடும் ரப்பர் விரிப்பு. 20 செ.மீ. மண், அதற்கு மேல் 20 செ.மீ. காலியிடம். பலர் 10 செ.மீ. விட்டால் போதும் என்கிறார்கள். போதாது. ஆடிக் கடைசியில் ஒரு குளிர்ந்த வாரம் வந்தால் அந்த மீதி 10 செ.மீ. எதற்கு என்று தெரியும், கீழே சொல்கிறேன். ஈரமண்ணும் தண்ணீரும் சேர்ந்து ஒரு டன்னைத் தாண்டும், ஆகவே மரத்தளத்தின் மேலோ பால்கனியிலோ வைக்காதீர்கள். நாளுக்கு 8 மணி நேரம் வெயில் படும் இடம் வேண்டும். தெற்குப் பார்த்த சுவர் ஓரம் கிடைத்தால் பாக்கியம்.

மண் விஷயத்தில் அவசரம் வேண்டாம். தொட்டிச்செடிக் கலவை மிதக்கும், அது வேண்டாம். களிமண் கலந்த தோட்டமண் நல்லது. அதைச் சோதித்துப் பார்க்காமல் போடாதீர்கள். இந்தப் பகுதியின் பழைய ஆப்பிள் தோட்டங்களில் ஒரு காலத்தில் ஈய ஆர்சனேட் மருந்து அடித்தார்கள், அது மண்ணில் இன்னும் கிடக்கிறது. தண்ணீர் தேங்கிய மண்ணில் ஆர்செனிக் கரைந்து வெளியே வரும். நெல் அதை மற்றப் பயிர்களைவிட அதிகமாக உறிஞ்சும். பல்கலைக்கழக விரிவாக்க மண் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்போது ஆர்செனிக்கையும் ஈயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டத்துக்கும் பழைய மரத்தை எடுக்காதீர்கள். 2003 முடியும் வரை வீட்டு உபயோகத்துக்கு விற்ற பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்து இருந்தது.

மே நடுவில் மண்ணைக் கொட்டி, நன்றாக மக்கிய எரு கொஞ்சம் கலந்து, தண்ணீர் விட்டு, கையாலும் காலாலும் மிதித்துச் சேறாக்குங்கள். மக்காத எரு தண்ணீருக்கடியில் அழுகி, வாயு கிளப்பி வேரைக் கெடுக்கும். சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிராம் அமோனியம் சல்பேட் அடியுரம். நைட்ரேட் உரம் சேற்றில் வீண், அதிலுள்ள தழைச்சத்து வாயுவாகிப் போய்விடும். இயற்கை உரம்தான் என்பவர்கள் பிண்ணாக்குத் தூள் போடலாம். எதுவானாலும் கை தாராளம் வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் சாயும், குலைநோய் தொற்றும், அரிசியில் புரதம் ஏறிச் சோற்றின் மென்மையும் குறையும்.

விதை நேர்த்தி, ஏப்ரல் முதல் வாரம்

நல்ல விதையைப் பிரிக்க உப்புத் தண்ணீர். 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 200 கிராம் உப்பைக் கரைத்து, புதிய பச்சை முட்டை ஒன்றைப் போடுங்கள். முட்டை மிதந்து பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் கரைசல் சரி. ஜப்பானில் 1882இல் யோகோய் தொகியோஷி வகுத்த முறை இது. தமிழ்நாட்டில் முட்டை மிதக்கும் கரைசலில் விதை தேர்ந்த அனுபவம் உங்கள் தாத்தாவுக்கும் இருந்திருக்கலாம். விதையைக் கொட்டிக் கிளறி, மிதக்கும் பதரையும் கருக்காயையும் எடுத்தெறியுங்கள். மூழ்கியதை உடனே பலமுறை அலசுங்கள்.

அலசிய கையோடு 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் (இனி வரும் வெப்பமெல்லாம் செல்சியஸ்) 10 நிமிடம் வைத்து, எடுத்ததும் குளிர்ந்த நீரில் போடுங்கள். விதையோடு வரும் நோய்களை மருந்தில்லாமல் தடுக்கும் வழி. சமையல் வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். 65 போனால் முளைப்பு கெடும், 55இல் பயன் இல்லை.

பிறகு ஊறல். நீரின் வெப்பநிலையை நாள்தோறும் குறித்து, அந்த எண்களைக் கூட்டிக்கொண்டே வாருங்கள், கூட்டுத்தொகை 100 ஆகும்போது எடுங்கள். 10 டிகிரி நிலவறையில் 10 நாள், 15 டிகிரி அறையில் ஏறக்குறைய 7 நாள். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். நம்மூரில் ஒரு நாள் ஊறவைத்து ஒரு நாள் மூட்டம் போட்டால் முளைத்துவிடும். இந்த நெல்லுக்குப் பொறுமை வேண்டும், அப்போதுதான் எல்லா விதையும் ஒன்றாக முளைக்கும். கடைசியில் ஈரத்துணியில் சுற்றி 30 டிகிரி சூட்டில் ஒரு நாள். முளை 1 மில்லிமீட்டர் எட்டிப் பார்த்ததும் விதைத்துவிடுங்கள்.

நாற்றும் நடவும்

குழித்தட்டில் குழிக்கு 2 விதை, மேலே அரை செ.மீ. மண். நாற்றுக்கு மட்டும் கடையில் கிடைக்கும் பீட் பாசிக் கலவை பொருந்தும், அதன் இயல்பான புளிப்புத்தன்மை நாற்றழுகலைத் தடுக்கிறது. முளை வெளிவரும் வரை 30 டிகிரி. பிறகு பகலில் 20 முதல் 25, இரவில் 10க்குக் குறையாமல். ஜன்னலோர வெளிச்சம் போதாது, விளக்கு வைத்தால்தான் நாற்று தடித்து வரும். ஜப்பானில் இயந்திர நடவுக்கு 3 வார நாற்று போதும். நாம் 5, 6 வாரம் வைத்து, 5 இலை விட்ட பெரிய நாற்றாகவே நட வேண்டும். வீட்டுக்குள் கழியும் ஒவ்வொரு வாரமும் வெளியே இல்லாத கோடையை ஈடு செய்கிறது. நடுவதற்கு முந்தைய வாரம் பகலில் வெளியே வைத்துப் பழக்குங்கள்.

நியூ ஜெர்சியில் மே நடு. வெர்மான்டில் மே கடைசி அல்லது ஜூன் முதல் நாட்கள். தேதியைவிட நீரின் வெப்பம் முக்கியம், காலையில் 15 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். முந்தைய நாள் பரம்படித்துச் சமப்படுத்திய சேறு சற்றே இறுகியிருக்கும். வரிசைக்கு வரிசை 25 செ.மீ., குத்துக்குக் குத்து 20 செ.மீ., குத்துக்கு 1 அல்லது 2 நாற்று, 2 முதல் 3 செ.மீ. ஆழம். ஆழமாகப் புதைத்தால் தூர் வெடிப்பது குறையும். 3 சதுர மீட்டரில் 60 குத்து வரும். இடம் வீணாகத் தெரியும், ஆகஸ்டில் மண் கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீர் என்னும் போர்வை

ஹொக்கைடோவில் நெல் விளையாது என்பதே ஒரு காலத்தில் அதிகாரிகளின் முடிவு. 1873இல் ஷிமாமட்சுவில் நகாயாமா கியூஸோ என்ற விவசாயி சிவந்த மீசை நெல் ஒன்றை விளைவித்தார். ஆற்றுநீர் சில்லென்று இருந்ததால் அதைச் சுற்றிவரச் செய்து வெயிலில் காயவைத்து வயலுக்கு விட்டார். நாற்றங்காலுக்குக் குளியல் தொட்டியில் நீரைச் சூடாக்கி ஊற்றினார் என்பார்கள். வீட்டுத் தோட்டக்காரருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. குழாய்நீரை நேரே பாத்தியில் திறக்காதீர்கள். கறுப்புப் பீப்பாய் ஒன்றில் பிடித்து ஒரு நாள் வெயிலில் வைத்து, அதிகாலையிலோ மாலையிலோ விடுங்கள். நடுக்கோடையில் இந்தப் பாத்தி நாளுக்கு 15 முதல் 20 லிட்டர் குடிக்கும்.

நட்ட முதல் வாரம் 5 செ.மீ. நீர், வேர் பிடிக்கும் வரை நாற்றைக் காப்பாற்ற. பிறகு 2, 3 செ.மீ. ஆகக் குறையுங்கள். ஆழம் குறைந்த நீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும், தூர் வேகமாகக் கட்டும். குத்துக்கு 15, 20 தூர் வந்ததும் நீரை நிறுத்தி, மண்ணில் மெல்லிய வெடிப்பு விழும் வரை சுமார் 5 நாள் காயவிடுங்கள். வேர் ஆழம் போகும், வீண் தூர் நிற்கும். அதன் பின் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது மாறி மாறிக் காயவிட்டு நீர் விடுவது.

இனி, அந்த மீதி 10 செ.மீ. கதிர் வெளிவருவதற்குச் சுமார் 12 நாள் முன்பு, பொதிக்குள் மகரந்தம் உருவாகிறது. அப்போது குளிர் 17 டிகிரிக்குக் கீழே சில நாள் நீடித்தால் மகரந்தம் மலடாகும். பயிர் செழிப்பாக நிற்கும், கதிர் முழுக்கப் பதர். 1993இல் ஜப்பானின் வடபகுதி முழுவதும் இப்படித்தான் ஆனது. வழக்கமான ஆண்டை 100 என்று வைக்கும் நாட்டின் விளைச்சல் குறியீடு 74க்கு இறங்கி, தாய்லாந்திலிருந்தும் அரிசி இறக்க வேண்டி வந்தது. அந்த நாளைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கண்ணாடி இலை என்று சொல்லும் கடைசி இலையின் கழுத்தும், அதற்கு முந்தைய இலையின் கழுத்தும் ஒரே உயரத்துக்கு வரும் நாள்தான் அது. வானிலை அறிக்கை குளிர்ந்த இரவுகளைச் சொன்னால், வெயிலில் சூடான நீரை 18, 20 செ.மீ. வரை ஏற்றுங்கள். இளங்கதிர் அப்போது மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும், நீர் அதைப் போர்த்திக் காக்கும். குளிர் விலகியதும் இறக்கிவிடுங்கள். ஹொக்கைடோ விவசாயிகள் இன்றும் செய்வது இதுதான்.

கதிருக்கு 3 வாரம் முன்பு இலை வெளிறியிருந்தால் மட்டும் சதுர மீட்டருக்கு 8, 10 கிராம் அமோனியம் சல்பேட் மேலுரம். கரும்பச்சையாக இருந்தால் வேண்டாம்.

கொசு, களை, குருவி

கொசுவுக்கு, பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் பாக்டீரியா கலந்த வட்டுகள் தோட்டக்கடையில் கிடைக்கும். புழுவை மட்டும் கொல்லும், பயிருக்கும் உங்களுக்கும் தீங்கில்லை. களையில் நெல்லைப் போலவே தோற்றம் காட்டும் குதிரைவாலிப் புல்தான் ஏமாற்றும். இலை தண்டைத் தழுவும் இடத்தைப் பாருங்கள். நெல்லில் சிறிய வெள்ளைச் சவ்வு நாக்கு இருக்கும், இதில் இருக்காது.

பூ காலை 10 மணி வாக்கில் திறந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூடும். அப்போது தொடவேண்டாம், நீரும் தெளிக்கவேண்டாம். பூ முடிந்து பால் பிடிக்கத் தொடங்கியதும் குருவி வரும். ஒரு காலைப் பொழுதில் பாதிப் பாத்தியைப் பிழிந்துவிடும். பொம்மையும் மின்னும் நாடாவும் இரண்டு நாள் வேலை செய்யும். கதிர் தெரிந்த அன்றே வலை கட்டுங்கள்.

அறுவடையும் குத்தலும்

கதிர் வந்து 40 முதல் 50 நாளில், பத்தில் ஒன்பது மணி மஞ்சளானதும் அறுக்கலாம். 10 நாள் முன்னரே நீரை வடித்துவிடுங்கள். அறுத்ததைக் கற்றையாகக் கட்டி, கொம்பில் தலைகீழாகத் தொங்கவிட்டு இரண்டு வாரம் காயவையுங்கள். மழை வருமென்றால் கார் ஷெட்டுக்குள், குருவி புகாமல்.

அடித்து உதிர்க்கலாம் என்று நினைப்பீர்கள். ஜப்பானிய நெல் நம் நெல்லைப் போல எளிதில் உதிராது, கதிரை இறுகப் பிடித்திருக்கும். அகலமான பல்லுள்ள சீப்பிலோ, இறுக்கிப் பிடித்த இரண்டு குச்சிக்கிடையிலோ கதிரை இழுங்கள். முறத்தில் புடைத்துப் பதரை நீக்குங்கள்.

உமி நீக்க ஜப்பானியப் பள்ளிகளில் வரிவரியாகக் கீறிய மண் உரலும் ரப்பர்ப் பந்தும் வைத்துத் தேய்க்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அழுத்தாமல் தேய்த்து, உமியை ஊதிவிடுங்கள். உலக்கையால் ஓங்கிக் குத்தினால் இந்தக் குண்டரிசி குருணையாகும். நெல்லை அவிக்கவும் கூடாது, ஒட்டும் தன்மை போய்விடும். 3 சதுர மீட்டரில் ஒரு கிலோ தீட்டாத அரிசி கிடைத்தால் நல்ல விளைச்சல். தீட்டச் சிறு மின் ஆலை உண்டு. முதல் வருட அரிசியைத் தீட்டாமல் ஓர் இரவு ஊறவைத்துச் சமைக்கலாம் என்பது என் விருப்பம். தீட்டினால், மெல்ல அலசி, அரை மணி ஊறவைத்து, ஒரு பங்கு அரிசிக்கு ஒன்றே கால் பங்குக்கும் சற்றுக் குறைவாக நீர் வையுங்கள். புது அரிசியில் ஈரம் இருக்கும். கஞ்சி வடிக்காதீர்கள். அடுப்பை அணைத்து 10 நிமிடம் மூடியே இருக்கட்டும்.

அறுப்பதற்கு முன்பே விதைக்கு எடுத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் முந்திக் கதிர் தள்ளி, நோயில்லாமல், சாயாமல் நின்ற இரண்டு குத்துகளுக்கு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் அடுத்த வருடமும் பெரும்பாலும் அதே குணத்தோடு வரும். நன்றாகக் காய்ந்தபின் காகித உறையில் ரகமும் ஆண்டும் எழுதி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.